விளக்கு காட்டும் இடம்

தன் காரின் பிரேக் விளக்கு எரிவதை ஓட்டுகிறவர் பார்ப்பதில்லை. அவர் காலைப் பெடலில் வைக்கிறார்; சிவப்பு அவருக்குப் பின்னால், அவர் முகம் பார்த்திராத ஒருவருக்காக எரிகிறது. டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகள் இதற்கு நேர்மாறு. அவை ஓட்டுகிறவருக்கு மட்டுமே தெரியும். பின்னால் வருகிறவருக்கு அவற்றால் ஒன்றுமில்லை. இந்த இரண்டு வகை விளக்குகளுக்கும் நடுவே, பெடலின் தண்டுக்கு மேலே, கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதில் கோளாறு வந்தால் பின்னால் போக வேண்டிய செய்தி நின்றுவிடும், அல்லது ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். முன்னால் வேறு எதையோ குறித்து விளக்குகள் எரியத் தொடங்கும். இந்தக் கோளாற்றைத் தேடும் முறையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அடையாளத்தைப் பார்த்துக் காரணம் சொல்லும் தொழில் நம்முடையதும்தான்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இந்த ஸ்விட்ச் பிரேக் ஆயில் ஓடும் குழாயிலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஆயிலின் அழுத்தம் ஏறினால் இணைப்பு சேரும். பிறகு அது பெடலுக்கு இடம் மாறியது. பெடல் ஓய்வில் இருக்கும்போது அதன் தண்டு, ஸ்விட்சின் சிறு முனையை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் விளக்குக்குப் போகும் இணைப்பு துண்டாகி இருக்கும். காலை வைத்ததும் தண்டு விலகுகிறது, முனை ஸ்பிரிங்கின் பலத்தில் வெளியே வருகிறது, இணைப்பு சேர்கிறது. அழுத்தும்போது வேலை செய்யும் அழைப்பு மணி போன்றது என்று நினைத்துக்கொண்டு இதை ஆராய்கிறவர்கள் தலைகீழாகத் தேடுவார்கள்.

பல கார்களில் பெடல் தண்டில் ஒரு துளையும், துளையை அடைத்தபடி ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர்ப் பொத்தானும் உண்டு. ஸ்விட்சின் முனை முட்டி நிற்பது இந்தப் பொத்தானில். வருஷங்கள் ஏற ஏற அது இறுகி, வெடித்து, ஒருநாள் நொறுங்கி உதிர்ந்துவிடும். முனை துளைக்குள் புகுந்துகொள்ளும். அதன் பிறகு காலை எடுத்தாலும் ஸ்விட்சுக்கு அது தெரியாது. பெரும்பாலான வண்டிகளில் பிரேக் விளக்குக்குச் சாவி தேவையில்லை. வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் எரியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பல்புகள், ஒவ்வொன்றும் 21 வாட். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 35 ஆம்பியர்-மணி. சிறிய காரில் போடும் பாட்டரியின் கொள்ளளவே ஏறத்தாழ அவ்வளவுதான். காலையில் வண்டி கிளம்பாது. பாட்டரி போய்விட்டது என்பார்கள். ராத்திரி முழுவதும் காலியான தெருவைப் பார்த்துப் பிரேக் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்ததில் அதன் உயிர் போயிருக்கிறது.

இது எனக்கு நேர்ந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் காருக்குப் பதினோரு வயது ஆனபோது டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். ஸ்கேனரைச் சொருகி, வந்த எண்ணைப் படித்து, அழித்து, சரியாகிவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் மறுபடி எரிந்தது. சக்கரத்தில் இருக்கும் வேக உணர்கருவியை மாற்றினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பி வண்டிக்குத் துணி உறை போட்டு மூடிவிடுவது என் வழக்கம். இரண்டு காலைகள் வண்டி கிளம்பவில்லை. புதுப் பாட்டரி போட்டார்கள். மூன்று பில்களிலும் மாற்றிய பொருளின் பெயர் திருத்தமாக அச்சாகியிருந்தது.

அதற்கு அடுத்த வாரம், ரயில்வே கேட்டுக்கு முன்னால் வண்டிகள் நெருக்கியடித்து நகர்ந்துகொண்டிருந்தபோது, ஒரு ஸ்கூட்டர் என் பின் பம்பரில் வந்து இடித்தது. ஓட்டி வந்த பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் நின்றுகொண்டு வந்த பையனின் கீழ் உதடு கிழிந்திருந்தது. எதிர்ச்சாரியில் இருந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம், இரண்டு தையல். அந்தப் பெண் கோபப்படவில்லை. "பஸ் ஸ்டாண்டுலேருந்தே எரிஞ்சுகிட்டேதானே வருது சார். நீங்க எப்ப பிடிச்சீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

விளக்கு எரியவில்லை என்பது அவர் புகார் இல்லை. எரிந்துகொண்டே இருந்தது என்பதுதான். எரிவதும் அணைவதும் மாறி மாறி வரும்வரைதான் அந்தச் சிவப்புக்குப் பேச்சு உண்டு. ஓயாமல் எரிகிற விளக்கும் எரியாத விளக்கும் பின்னால் வருகிறவருக்கு ஒன்றே. சொல்லப் போனால் ஓயாமல் எரிவது இன்னும் மோசம். எரியாத விளக்கைக் கவனித்துவிட்ட ஒருவர் தூரம் விட்டு வருவார். எரிகிற விளக்கு, ஏதோ சொல்லப்படுகிறது என்ற நம்பிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறது.

பழுதைக் கண்டுபிடித்தவர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே, புளியமரத்தடியில் கொட்டகை போட்டிருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரிடமும் ஸ்கேனர் உண்டு. ஆனால் அதை எடுக்கவில்லை. "எது எது எரியுது சார்? எது முதல்ல எரிஞ்சது?" என்று மட்டும் கேட்டார். தன்னிடம் வேலை பழகும் பையனை வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். பிறகு மிதியடியைத் தூக்கி, பெடலுக்குக் கீழே உள்ளங்கையால் தடவினார். நீல நிறத்தில் மூன்று பிளாஸ்டிக் துணுக்குகள் கையோடு வந்தன. "ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு சார். அது முட்டி நிக்கத்தான் எதுவும் இல்ல." துளையின் மேல் விரலை வைத்து அடைத்துப் பெடலை விட்டார். பின்னால் நின்ற பையன், "அணைஞ்சிருச்சுண்ணே" என்றான். புதுப் பொத்தானின் விலை இரண்டு பேர் டீ குடிக்கும் காசு.

ஏ.பி.எஸ். விளக்கு ஏன் எரிந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஸ்விட்சிலிருந்து கிடைத்த தகவல், பிரேக் பிடித்தாகிவிட்டது என்பது. சக்கரங்களிலிருந்து கிடைத்த தகவல், வண்டி அறுபதில் போகிறது என்பது. கிலோமீட்டர் கணக்கில் இப்படி நடக்க முடியாது என்று அதற்குத் தெரியும். யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரியாது. தன்னிடம் இருந்த ஒரே விளக்கை அது எரிய வைத்தது. பட்டறைக்காரர்கள் அந்த விளக்கின் மேல் எழுதியிருந்த பெயரைப் படித்தார்கள். அந்தப் பெயரில் கிடைத்த பொருளை மாற்றினார்கள்.

நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். எச்சரிக்கை விளக்கு பழுதின் பெயரைச் சொல்வதில்லை; பழுதைக் கவனித்தவரின் பெயரைச் சொல்கிறது. சாட்சி வேறு, குற்றவாளி வேறு. ஸ்கேனர் காட்டும் எண்களும் இப்படித்தான். பி 0504 என்று ஓர் எண் இருக்கிறது. இன்றைய ஸ்விட்சுகள் பலவற்றில் இரண்டு இணைப்புகள் உண்டு. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் பொருந்தாமல் போனால் இந்த எண்ணைப் பதிகிறது. இதன் பொருள் 'இரண்டு சாட்சிகள் முரண்படுகிறார்கள்' என்பது மட்டும்தான். ஸ்விட்ச் கெட்டிருக்கலாம், பொத்தான் உதிர்ந்திருக்கலாம், கப்ளர் தளர்ந்திருக்கலாம், ஸ்விட்சைப் பொருத்தும்போது அதன் இடைவெளி சரியாக வைக்கப்படாமல் இருந்திருக்கலாம். 'ஸ்விட்சை மாற்று' என்று அது சொல்லவில்லை. சொன்னதாகப் படிப்பது நம் அவசரம்.

ஒரே சிறு பொருளின் பழுது எத்தனை பெயர்களில் வெளிப்படும் என்பதற்குப் பகிரங்கமான சான்று உண்டு. 2013 ஏப்ரலில் ஹூண்டாயும் கியாவும் இந்த ஸ்விட்சுக்காக அமெரிக்காவில் 16 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தன. பிரேக் விளக்கு எரியாமல் போகலாம்; க்ரூஸ் கன்ட்ரோல் பெடலை மிதித்தும் விலகாமல் இருக்கலாம்; பட்டனை அழுத்தினால் எஞ்சின் கிளம்பாமல் இருக்கலாம்; கியர் லீவர் பார்க்கிங்கிலிருந்து நகர மறுக்கலாம்; ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு எரியலாம். இவை ஐந்தும் ஐந்து வியாதிகளாகத் தெரியும். அடுத்த வருஷம், 2014 மேயில், ஜெனரல் மோட்டார்ஸ் செவர்லே மாலிபு, பான்டியாக் ஜி6 முதலிய 2004 முதல் 2012 வரையிலான மாடல்களில் 24 லட்சம் கார்களை அழைத்தது. பிடித்தபோது விளக்கு எரியவில்லை, பிடிக்காதபோது எரிந்தது. இங்கே பழுது பெடலின் அருகில்கூட இல்லை. வண்டியின் அதிர்வில், கம்ப்யூட்டருக்குப் போகும் இணைப்பின் உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசி உரசி அரிமானம் ஏறியிருந்தது. அந்தத் தடையில் வோல்டேஜ் மாறி, பெடலின் நிலை தவறாகப் படிக்கப்பட்டது. இணைப்பில் காப்புப் பசை பூசி, பெடலின் ஓய்வு நிலையைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக் கொடுத்தார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு வங்கிக் கௌன்டரில். கணக்கு முழுவதும் இப்போது கம்ப்யூட்டரில், கூட்டல் பிசகுவதில்லை. ஆனால் சாயங்காலம் எண்ணிய ரொக்கமும் திரையில் நிற்கும் தொகையும் ஒத்துப்போகாத நாட்கள் இன்றும் உண்டு. லெட்ஜர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, நான் சேர்ந்தபோது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஒரு சீனியர் சொல்லித் தந்த முதல் பாடம்: வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கக் கூடும். 5,400-க்குப் பதில் 4,500. வித்தியாசம் 900. இந்த 900 எந்தச் சீட்டிலும் எழுதப்பட்டிருக்காது. 900-ஐத் தேடிப் போகிறவனுக்கு விடியும்வரை அது கிடைக்காது. வித்தியாசம் தெரியும் இடம் வேறு, பிசகு நடந்த இடம் வேறு. தேடாமல் தப்பிக்கவும் வழி இருக்கிறது. வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அன்றைய கணக்கு நேராகிவிடும். ஸ்கேனரில் எண்ணை அழிப்பது அந்த ஜாதிக் காரியம்.

இதைவிட நுட்பமான சஸ்பென்ஸ் கணக்கு ஒன்று காரில் உண்டு. பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதைக் காட்டுவதும், பிரேக் ஆயில் குறைந்திருப்பதைக் காட்டுவதும் ஒரே சிவப்பு விளக்குதான். பிரேக் பேட் தேயத் தேய, சக்கரத்தின் அருகிலுள்ள பிஸ்டன் முன்னால் நகர்கிறது, காலியான இடத்தை நிரப்ப ஆயில் இறங்குகிறது, மேலே டப்பாவில் மட்டம் குறைகிறது, விளக்கு எரிகிறது. ஆயில் கசிந்திருந்தாலும் இதே விளக்குதான். கொஞ்சம் ஆயில் ஊற்றினால் அணைந்துவிடும். ஊற்றியவர் தான் வண்டியைக் கவனித்துக்கொண்டதாகத் திருப்தி அடைவார். பேட் தொடர்ந்து தேயும், அல்லது கசிவு தொடரும். பாட்டரி படம் போட்ட விளக்கும் அப்படியே. பழைய கம்பி அமைப்பில் அதன் ஒரு பக்கம் பாட்டரியிலிருந்து வருகிறது, மறுபக்கம் ஆல்டர்னேட்டரிலிருந்து. ஆல்டர்னேட்டர் சரியாக ஓடினால் இரண்டு பக்கமும் சமமாகி விளக்கு அணையும். எஞ்சின் ஓடும்போது எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பெல்ட்டும் ஆல்டர்னேட்டரும். படத்தில் இருப்பது பாட்டரி. படத்தைப் படித்தவர் வாங்குவதும் பாட்டரி.

எலக்ட்ரீஷியனிடம் நான் கற்ற இன்னொரு விஷயம், சுமை இல்லாமல் சோதிக்கக் கூடாது என்பது. விளக்கு எரியாத ஒரு கம்பியில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். உள்ளே இழைகள் எல்லாம் அறுந்து ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் 12-தான் காட்டும். ஏனென்றால் மீட்டர் அந்தக் கம்பியிடம் வேலை எதுவும் வாங்குவதில்லை. ஒரு பல்பை மாட்டினால் குட்டு வெளிப்படும். எர்த் விஷயமும் அப்படி. பின்விளக்கில் பிரேக்குக்கு 21 வாட், இரவு விளக்குக்கு 5 வாட் என்று இரண்டு இழைகள் ஒரே பல்பில், பொதுவான ஓர் எர்த்தில் இருப்பது உண்டு. எர்த் துருப்பிடித்தால், பிரேக்கை மிதித்ததும் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் 5 வாட் இழையின் வழியே பின்னோக்கி ஏறும். பார்க்கிங் விளக்குகளும் டேஷ்போர்டு வெளிச்சமும் மங்கலாக எரியும். பிரேக்கைத் தொட்டால் டேஷ்போர்டு மினுங்குகிறது என்று ஒருவர் வந்து சொன்னால், டேஷ்போர்டைக் கழற்றாமல் பின்பக்கம் போய் ஒரு திருகாணியைச் சுரண்டுகிறவருக்குத்தான் தொழில் தெரியும். விளக்கு எரியும்போதே அதன் எர்த்துக்கும் பாட்டரியின் மைனஸுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அது துருவில் செலவாகிறது.

இனி நம் தொழில். விமர்சனத்தில் புழங்கும் சொற்களை எடுத்துக்கொள்வோம். 'இறுக்கமில்லை', 'பிரசாரம்', 'அனுபவம் செரிக்கப்படவில்லை', 'கடைசி வரி உணர்ச்சிவசப்பட்டுவிட்டது'. இவை பொய்கள் என்று நான் சொல்லவில்லை. விளக்கு எரிந்தது உண்மை. படித்த ஒருவர் அந்த இடத்தில் தடுக்கியதும் உண்மை. ஆனால் அது தடுக்கியவரின் வாக்குமூலம். கடைசி வரி மிகையாக ஒலிக்கிறது என்றால் பழுது கடைசி வரியில் இருக்க வேண்டும் என்பதில்லை. கவிதையின் தொடக்கத்தில் ஒரு மனிதரோ, ஒரு பொருளோ, ஓர் இடமோ நிறுத்தப்படாமல் போயிருக்கலாம். அந்த வரி முட்டி நிற்க எதுவும் இல்லை. அதனால் ஓயாமல் எரிகிறது. இதைப் பார்க்காத விமர்சகர் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்கிறார். கவிஞரும் எடுத்துவிடுகிறார். விளக்கு அணைந்துவிடுகிறது. நம் பத்திரிகைகளில் இப்படி அணைக்கப்பட்ட கவிதைகள், கச்சிதமானவை என்று பாராட்டும் பெற்று, நிறைய வந்திருக்கின்றன.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் எழுதியவர் பெயரை நீக்கிய கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்தவற்றை 1929-ல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற புத்தகத்தில் வெளியிட்டார். பி.ஏ. படிக்கும்போது எங்களுக்கு அது ஒரு பரீட்சைக் கேள்வி. இப்போது பார்த்தால் அவர் செய்தது, வண்டிக்குப் பின்னால் ஒரு பையனை நிற்க வைத்தது என்று தோன்றுகிறது. தீர்ப்புகளை அவர் தீர்ப்புகளாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே தடுக்கினார்கள், ஏன் தடுக்கினார்கள் என்று பத்து வகையாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று, கவிதை சொல்லுமுன்பே வாசகரிடம் தயாராக இருக்கும் பழகிய எதிர்வினை.

பழக்கம் விளக்குகளையும் விடுவதில்லை. 1986 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களில், பின் கண்ணாடியின் உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமானது. பின்னாலிருந்து மோதும் விபத்துகள் 1987-ல் 8.5 சதவீதம் குறைந்தன. பிறகு அந்தப் பலன் தேய்ந்து 4.3 சதவீதத்தில் நின்றது என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 1998 மதிப்பீடு சொல்கிறது. விளக்கு அப்படியே இருந்தது. பார்த்த கண்களுக்குப் புதுமை போய்விட்டது. புதுமையை நம்பிக் கவிதை எழுதுகிறவர்கள் இந்தச் சரிவைக் கவனிக்கலாம். மிஞ்சிய 4.3-ஐயும் கவனிக்க வேண்டும். புதுமை எல்லாம் உதிர்ந்த பிறகும், பிடித்தபோது எரிந்து, விட்டபோது அணைந்து, ஒரு விளக்கால் செய்ய முடிந்த வேலை அது. அந்த மிச்சத்தில்தான் எனக்கு அக்கறை.

பின்னால் நிற்க ஆள் கிடைக்காதவர்களுக்கு அந்த எலக்ட்ரீஷியன் சொன்ன வழி ஒன்று இருக்கிறது. இருட்டிய பிறகு வண்டியின் பின்புறத்தை ஒரு வெள்ளைச் சுவருக்கு இரண்டடி தூரத்தில் நிறுத்தி, பெடலை மிதித்துக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பிறகு காலை எடுத்தும் பார்க்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் பியூஸிலிருந்தும் ஸ்விட்சிலிருந்தும் தேடலாம். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, ஹோல்டர். ஒரு பக்கத்துச் சிவப்பு மற்றதைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். முதலில் அந்தப் பக்கத்து எர்த்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.